கண்டேன் என்று முப்பத்தொரு கையெழுத்து

எங்கள் தலைமையாசிரியர் நீலகண்டன் சார் இந்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். விழா மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரச்சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ் வாத்தியார் என்றால் பாராட்டு எழுதுவதற்கென்றே பிறந்தவன் என்று ஒரு நினைப்பு. இங்கே மலையாள நாட்டில், மட்டாஞ்சேரியில், இருபத்தாறு வருஷமாக அந்த வேலையைத்தான் செய்திருக்கிறேன். வரவேற்பு மடல், வாழ்த்து மடல், பிரிவு உபசார மடல். போதும். சாரைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. 2003இலிருந்து ஐந்து வருஷம் அவர் பெயரில் வெளிவந்த எழுத்து அத்தனையையும் உட்கார்ந்து தட்டியவள் பாக்கியலக்ஷ்மி. அதனால் பாக்கியலக்ஷ்மியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுகிறேன். மலர்க் குழுவுக்குப் பிடிக்கவில்லையென்றால் சாயா கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும்.

பாக்கியலக்ஷ்மி சுள்ளிக்கல்காரி. அப்பா அய்யாசாமி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பு மலையாளம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலரையும்போல மலையாளத்தை ஓட்டமாக வாசிப்பாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, தொண்ணூற்றாறாம் வருஷம், இந்த ஊர் பிராட்வேயில் பாண்டித்துரையின் டி.டி.பி. கடையில் மாலை நேர வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கடை திறப்பு நோட்டீஸ். தமிழை அவள் ஒழுங்காகக் கற்றது அங்கேதான். பின்னால் டீச்சராகி லீவு லெட்டர் எழுதினால்கூட "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கும். அதைச் சொல்லி நான் ஸ்டாஃப் ரூமில் நிறையச் சிரித்திருக்கிறேன்.

பாண்டித்துரையின் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், மாப்பிள்ளையின் பெயரே மாறியிருந்தாலும் அப்படியேதான் அச்சாகும். அப்படிக் கையெழுத்தாகி வந்த ஒரு பத்திரிகையில் முகூர்த்தம் மாலை ஆறு மணி என்று இருந்தது. பாக்கியலக்ஷ்மி கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள், யாரையும் கேட்காமல் காலை ஆறு மணி என்று மாற்றிவிட்டாள். பெண் வீட்டார் வந்து கடை முன்னால் நின்று, கையெழுத்துப் போட்ட பிறகு எவள் கை வைத்தாள் என்று சத்தம் போட்டார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே ஒருவர் பையிலிருந்து ஜோசியர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தார். பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாண்டித்துரை அவளைக் கூப்பிட்டு, "நீ போட்ட நேரம் சரி. ஆனா நீ மாத்தினது தப்பு," என்றார். ஒரு வாரம் கடைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நேரம் சரியென்றால் மாற்றியது எப்படித் தப்பாகும் என்று அவளுக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. அந்தப் புரியாமைதான் அவளுடைய வாழ்க்கையில் முக்கியமான சமாச்சாரம்.

பி.எட். முடித்து, 2003இல் எங்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவுக்கு இயற்பியல் எடுக்கத் தினக்கூலி டீச்சராக வந்தாள். கொச்சங்காடி கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற பழைய கட்டிடம். அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியிருந்தன. தலைமையாசிரியர் அறையில் ஒன்று, மாடியில் ஆறு. கீழே இருந்ததற்கு நீலகண்டன் சார் மெரூன் வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மற்ற நாட்களில் அதன்மேல் வருகைப் பதிவேடு இருக்கும். மவுஸை அவர் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் தலைக்கு மேலே தொங்கியது. அந்தப் பயிற்சியின் கடைசித் தேர்வு வீட்டுப்பாடம் மாதிரி அனுப்பப்பட்டது. அதையும் செய்துகொடுத்தவள் பாக்கியலக்ஷ்மி.

தமிழில் வேகமாகத் தட்டத் தெரிந்தவள் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று தெரிந்த நாளிலிருந்து சார் விடவில்லை. "டீச்சரே, ஒரு நிமிஷம்" என்று கூப்பிடுவார். அந்த நிமிஷம் மூன்று பீரியட் நீளும். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து அவர் சொல்லச்சொல்ல அவள் தட்டுவாள். அவருடைய கணக்கு, அவருடைய கடவுச்சொல், அவருடைய கடிதங்கள் எல்லாம் அவள் விரலில்தான் இருந்தன. 2006 ஜூனில் ஒரு நிரந்தர இடம் காலியானது. மேனேஜர் அவளை நியமித்தார். ஆனால் எங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளியில் நியமனம் ஆனால் மட்டும் போதாது. கல்வி அலுவலகம் அங்கீகாரம் தரவேண்டும். அதற்குத் தலைமையாசிரியர் குறிப்பு எழுதிக் கோப்பை அனுப்பவேண்டும். அங்கீகாரம் வரும்வரை சம்பளம் கிடையாது. அந்தக் கோப்பு சாருடைய மேஜையின் இடது இழுப்பறையில் இருந்தது. ஒரு வருஷம் கழித்தும் அங்கேயே இருந்தது.

2007 ஆகஸ்டில் விக்கி வந்தது.

நம் தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் தமிழில் வருவதற்குள் ஓணம் கழிந்துவிடும். ஆசிரியருக்கான கையேடு மலையாளத்தில் மட்டும்தான். இதற்கு வழியாக மூணாறு, பீருமேடு, வண்டிப்பெரியாறு, சித்தூர், எங்கள் ஊர் என்று ஐந்து பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிரிவு ஆசிரியர்கள் சேர்ந்து இணையத்தில் பத்தாம் வகுப்புக் குறிப்புகளை எழுதுவது என்று ஏற்பாடு. பயிற்சி கொடுக்க அனூப் என்று ஒரு பையன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவன், நல்லவன். விக்கி என்றால் பொது நோட்டுப் புத்தகம் மாதிரி என்றான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது வரலாறு என்கிற பக்கத்தில் அழியாமல் இருக்கும். பக்கம் முடிந்துவிட்டது என்று தோன்றினால் தலைமையாசிரியரின் கணக்கிலிருந்து பூட்டிவிடலாம்.

"யார் வேணும்னாலும் எழுதலாம் சாரே. தெற்று கண்டா அப்பவே திருத்தலாம். பேடிக்க வேண்டா," என்று எங்கள் பயத்தைப் போக்கினான் அனூப்.

நீலகண்டன் சார் எழுந்தார். "அதெல்லாம் சரி. ஜூனியர் டீச்சர் ஒருத்தர் சீனியர் எழுதினதைத் திருத்தணும்னா யாருகிட்ட அனுமதி வாங்கணும்?"

"அனுமதி வேண்டா சாரே. பட்டனை அமர்த்தினா மதி," என்றான். அமுக்கினால் போதுமாம்.

ஐந்து பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வகுப்பில் திடீர்த் தேர்வு என்று சொன்னால் பிள்ளைகள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அனூப் எங்களுக்கு ஏதோ சந்தேகம் என்று நினைத்து, பட்டன் எங்கே இருக்கிறது என்று மறுபடியும் காட்டினான்.

பட்டன் எங்கே இருக்கிறது என்பதா எங்கள் சங்கடம்? மேலே இருப்பவர் எழுதியதில் கீழே இருப்பவர் கை வைப்பதாவது. மதியச் சாப்பாட்டுக்குள் சார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் புக் ஒன்று சுற்றி வரும். தலைமையாசிரியர் எழுதி அனுப்புவதை வகுப்பு வகுப்பாக ப்யூன் கொண்டுவருவார், நாங்கள் வாசித்தோமோ இல்லையோ 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதே முறையை விக்கிக்கும் வைத்துவிடலாம் என்றார். ஒவ்வொரு பாடத்தையும் மூத்தவர் ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் வாசித்து, அடியில் 'கண்டேன்' என்று போட்டுப் பெயர், பதவி, பள்ளி, தேதி எழுதவேண்டும். ஐந்து பள்ளிக்கூடமும் கை தட்டியது. நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அனூப் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் பரிப்புவடை வந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் விக்கி களை கட்டிவிட்டது. ஒளிச்சேர்க்கையைப் பற்றி எட்டு வரி, அதற்குக் கீழே இருபத்தேழு 'கண்டேன்'. சிலர் வெறும் 'கண்டேன்' என்று போடத் தயங்கி 'கண்டேன், மகிழ்ந்தேன்' என்று போட்டார்கள். சித்தூரிலிருந்து ஒருவர் எல்லாப் பக்கத்திலும் 'ஐயா அவர்களின் தமிழ்ப்பணி தொடர்க' என்று போட்டுக்கொண்டே போனார், சமன்பாடுகளுக்கு அடியிலும் போட்டார். பீருமேட்டுத் தலைமையாசிரியரின் கையெழுத்து தனக்குக் கீழே வந்துவிட்டதே என்று பதறிய ஒரு வண்டிப்பெரியாறு வாத்தியார், தன் பெயரை அழித்து அவருக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டார். ஐந்து பள்ளிக்கூடத்திலும் அன்றுவரை நடந்த ஒரே திருத்தம் அதுதான்.

இயற்பியலில் மின்சாரப் பாடம் நீலகண்டன் சாருடையது. அவர் பழைய பௌதிக வாத்தியார், தெரியாதவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. ஒரு ஃபோனுக்கும் அடுத்த ஃபோனுக்கும் நடுவில், "வீடுகளில் விளக்குகள் தொடர் இணைப்பில் இணைக்கப்பட்டுள்ளன. இதனால் ஒரு விளக்கு அணைந்தாலும் மற்றவை எரியும்," என்று சொன்னார்.

உண்மை நேர் எதிர். வீட்டில் இருப்பது பக்க இணைப்பு. தொடர் இணைப்பில் ஒன்று போனால் எல்லாம் போகும். வாய் தவறி வந்துவிட்டது, யாருக்கும் வரும். பாக்கியலக்ஷ்மி தட்டுவதை நிறுத்தினாள்.

"சாரே, அது பக்க இணைப்பு இல்லே?"

சார் கண்ணைத் திறந்தார். எதிரே நாற்காலியில் மூணாறிலிருந்து வந்திருந்த ஒரு தலைமையாசிரியர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் அங்கே இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

"சொன்னதை எழுது," என்றார் சார்.

எழுதினாள். மாலைக்குள் கையெழுத்துகள் விழ ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் முப்பத்தொன்று. எழுதியவர் பெரிய இடம் என்பதால் ஒருவரும் வெறுமனே 'கண்டேன்' போடவில்லை, 'அருமை'யும் சேர்த்தார்கள். முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் விஞ்ஞானம் படித்தவர்கள். எல்லோருடைய வீட்டிலும் விளக்கு எரிகிறது.

இந்தத் தப்பைச் சத்தமாகச் சொன்னது பத்தாம் வகுப்பில் இருந்த கங்கா. அவளுடைய அப்பா ராமர் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர், கல்யாண வீடுகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் சீரியல் லைட் கட்டுகிறவர். பிரிண்ட் எடுத்த குறிப்பை வாசித்துவிட்டு அவள் வகுப்பில் எழுந்து கேட்டாள்.

"டீச்சர், எங்கப்பா கட்டுற லைட் மாலைலதான் ஒண்ணு போனா வரிசையா எல்லாம் போகும். வீட்ல அப்படி இல்லையே. ஹெச்.எம். ரூம்ல டியூப் லைட் போயி எத்தனை நாளாச்சு, ஃபேன் சுத்துதே."

அது வாஸ்தவம். சார் அறையில் டியூப் லைட் ஓணத்துக்கு முன்பே போய்விட்டது. மாற்றுவதற்கான விண்ணப்பம் கையெழுத்துக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் அவர் தலைக்கு மேலே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாக்கியலக்ஷ்மி அன்று மாலை மாடிக்குப் போய், தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, 'தொடர்' என்பதை எடுத்துவிட்டுப் 'பக்க' என்று போட்டாள். பக்கத்தில் வேறு எதையும் தொடவில்லை. மறுநாளே மூணாறிலிருந்து ஃபோன். உங்கள் எழுத்தில் உங்கள் டீச்சர் ஒருத்தியே கை வைத்திருக்கிறாளே, தெரியுமா என்று.

நான் அப்போது ஸ்டாஃப் செக்ரட்டரி. சார் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். திட்டவில்லை. இடது இழுப்பறையைத் திறந்தார். கோப்பை வெளியே எடுத்தார், தூசியைத் தட்டினார், மறுபடி உள்ளே வைத்து மூடினார்.

"டீச்சரே, நான் சொன்னது எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைக்கணும். இப்பவே."

சாருக்கு அதைத் தானே செய்யத் தெரியாதே. வெல்வெட் உறையை எடுத்துவிட்டு, அவருடைய கணக்கில் நுழைந்து, அவள்தான் தன் திருத்தத்தைத் தானே அழித்தாள். பிறகு மாடிக்குப் போனாள். சாயங்காலம் தன் கணக்கிலிருந்து மறுபடியும் 'பக்க' என்று போட்டாள்.

இப்படி நவம்பரிலும் டிசம்பரிலும் ஏழு தடவை நடந்தது. வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தால் தலைமையாசிரியருக்கும் பாக்கியலக்ஷ்மிக்கும் பெரிய யுத்தம். இரண்டு பக்கத்துக்கும் அம்பு விட்டது ஒரே ஆள். கீழே ஒரு அம்பு, பதினெட்டுப் படி ஏறி மேலே ஒரு அம்பு. நடுவில் வகுப்பும் எடுத்தாள். வண்டிப்பெரியாறு ஆசிரியர் ஒருவர் எனக்கு ஃபோன் செய்து, எந்தப் பக்கம் 'கண்டேன்' போடுவது என்று கேட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்கிறீர்கள்? அவள்மேல்தான்.

"உனக்கு என்ன கிறுக்கா? பிள்ளைகள்கிட்டே வாயால சரியானதைச் சொல்லிக்கொடுத்துட்டுப் போயேன். அந்த ஒரு வரி அங்கே கிடந்துட்டுப் போகட்டும். கோப்பை வாங்கிட்டு அப்புறம் ராணி மாதிரி திருத்து," என்றேன்.

"என் பிள்ளைங்களுக்கு நான் சொல்லிட்டேன் சாரே. மூணாறுல இருக்குற பிள்ளைங்களுக்கு யார் சொல்றது?"

"அங்கே டீச்சர் இல்லையா?"

"இருக்காங்க சாரே. கண்டேன்னு கையெழுத்து போட்டிருக்காங்க."

சாயா ஆறிப்போகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் விவகாரம் முற்றியது. ஐந்து பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் குறிப்புகளை அச்சடித்துக் கொடுப்பதாக முடிவு. அதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் பூட்டவேண்டும். அன்றைக்கும் நான் சாருடைய அறையில் இருந்தேன்.

"கடைசித் தடவை. என் கணக்கைத் திற. மின்சாரப் பாடத்தைச் சரியாக்கு. பூட்டு. அதுக்கப்புறம் யாரும் தொடக்கூடாது," என்றார் சார். இழுப்பறையை இந்தத் தடவை பாதி திறந்தே வைத்திருந்தார். "மனசிலாச்சா?"

"ஆச்சு சாரே."

அவள் தட்டினாள். சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த நான் திரையைப் பார்த்தேன். அவள் 'பக்க இணைப்பில்' என்று போட்டாள். திருத்தத்துக்கான காரணம் என்று கேட்கும் கட்டத்தில், 'முன்பு நான் எழுதியது தவறு. திருத்தியிருக்கிறேன். நீலகண்டன், தலைமையாசிரியர்' என்று போட்டாள். பூட்டினாள். உறையைப் போர்த்தினாள்.

"சரியாக்கிட்டேன் சாரே," என்றாள்.

நான் சாரிடம் வாயைத் திறக்கவில்லை. தைரியத்தில் திறக்காமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூணாறு ஃபோன் வந்தது. பிறகு பீருமேடு, சித்தூர். தன் தவறைத் தானே ஊரறிய ஒப்புக்கொள்ள எத்தனை பெரிய மனசு வேண்டும் என்று ஒவ்வொருவரும் உருகினார்கள். முதல் ஃபோனில் சாருடைய முகம் வெளுத்தது. இரண்டாவதில் பழைய நிறம் வந்தது. மூன்றாவதில், "உண்மைன்னு வந்துட்டா சின்னவன் பெரியவன்னு பார்க்க முடியுமா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வார்? 'நான் எழுதவில்லை' என்று அவர் சொன்னால், பிறகு யார் எழுதியது என்ற கேள்வி வரும். அப்படி வந்தால் தலைக்கு மேல் தொங்குகிற சான்றிதழ் என்ன ஆவது? முன்பு 'அருமை' என்று போட்ட முப்பத்தொரு பேருக்கும் பக்கம் பூட்டிக்கிடப்பது பெரிய கஷ்டமாகிவிட்டது. புதிய வரிக்கு அடியில் ஒரு 'அருமை' போட வழியில்லை. சிலர் தபால் கார்டில் எழுதி அனுப்பினார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் கல்வி அதிகாரி ஒருவர் வந்து சாருக்குப் பொன்னாடை போர்த்தினார். வாழ்த்து மடல் நான் எழுதினேன். 'பிழையைத் திருத்திக்கொண்ட பெருந்தகை' என்று ஆரம்பித்தது. அதைத் தட்டிக்கொடுத்தவள் யார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

விழா முடிந்த மறுநாள் சார் பாக்கியலக்ஷ்மியைக் கூப்பிட்டார். கோப்பு மேஜைமேல் இருந்தது. அனுப்பப்போகிறார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. குறிப்பைத் தட்டச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டார்.

"இவர் பாடத்தில் திறமையுள்ளவர். எழுதிட்டியா? ஆனால் மேலதிகாரிகளின் உத்தரவை மதிப்பதில்லை. நிறுவனத்தின் ஒழுங்குக்கு ஏற்றவர் அல்லர். அங்கீகாரத்துக்குப் பரிந்துரைக்க இயலவில்லை."

அவள் விரல்கள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இப்போது மாற்றிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக எதிர்பார்த்தேன். 'இயலவில்லை' என்பதை 'இயலும்' என்று ஆக்க எத்தனை நொடி? அவர் கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போடுகிறவர். அந்த இருட்டறையில் எழுத்தா தெரியப்போகிறது? அவள் சொன்னதைச் சொன்னபடி, ஒரு புள்ளிகூட மாறாமல் தட்டி, தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள். சார் கையெழுத்துப் போட்டார். ஸ்டாஃப் செக்ரட்டரியும் பார்த்ததாக இருக்கட்டும் என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, ஊர்ப் பிள்ளைங்களுக்காக அவ்வளவு செஞ்சவ உனக்காக ஒரு சொல்லை மாத்தியிருக்கக்கூடாதா?"

"அது அவரோட அபிப்பிராயம் சாரே. அதை மாத்த நான் யாரு? வெளக்கு எரியறது யாரோட அபிப்பிராயமும் இல்லையே," என்றாள். மூன்றாவது பீரியடுக்கு மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டாள்.

கோப்பு அங்கீகாரம் இல்லாமல் ஏப்ரலில் திரும்பி வந்தது. ஜூனில் அவள் இடத்துக்கு மஞ்சுஷா என்று ஒரு டீச்சர் வந்தாள். நல்ல பெண், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறாள். பொதுத்தேர்வில் மின்சுற்றைப் பற்றிய அந்தக் கேள்வி வரவே இல்லை, ஒரு மார்க்குக்குக்கூட வரவில்லை. இதைப் போய்ச் சொன்னபோது பாக்கியலக்ஷ்மி, "அடுத்த வருஷம் வரும் சாரே," என்றாள்.

அவள் இப்போது பிராட்வேயில் பாண்டித்துரையின் கடையில்தான் இருக்கிறாள். முழு நேரம். பழைய சட்டம் இன்னும் இருக்கிறது என்றாலும், கையெழுத்தான புரூஃபை அவள் கண்ணில் காட்டாமல் பாண்டித்துரை தானே மெஷினுக்குக் கொண்டுபோய்விடுகிறாராம். சாருடைய அறையில் போன வாரம் புது டியூப் லைட் போட்டார்கள், விழாவுக்காக.

இந்த மலரை அச்சடிப்பதும் அதே கடையில்தான். மலர்க் குழு இதைக் குப்பையில் போடாமல் இருந்தால் என் கையெழுத்துப் பிரதி அவளுடைய மேஜைக்குத்தான் போகும். அதனால் பாக்கியலக்ஷ்மி, இதற்குமேல் உனக்குத்தான் எழுதுகிறேன். மேலே நான் ஒரு இடத்தில் கொஞ்சம் நழுவியிருக்கிறேன், நீ கவனித்திருப்பாய். முப்பத்தொரு பேரைக் கேலி செய்தவன், அதில் நாலாவது பெயர் யாருடையது என்று சொல்லவில்லை. 'கண்டேன். மிக அருமை. வெங்கடேஸ்வரன், தமிழாசிரியர்.' பாடத்தை நான் வாசிக்கவே இல்லை. உன் கோப்பில் சார் என் பக்கம் தள்ளிய அந்தத் தாளைப் பற்றியும் பாதியில் நிறுத்திவிட்டேன். நீ வெளியே போவதற்குள் அதிலும் 'கண்டேன்' போட்டுவிட்டேன். போட மறுத்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் நிரந்தரம், பென்ஷன் உறுதி. அதை வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

இவ்வளவையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிடு. நான் சேர்த்தால் மறுபடியும் நழுவிவிடுவேன். புரூஃபை எனக்கு அனுப்பவேண்டாம்.